வீட்டில் கதீட்டரும் மாவுக்கட்டும்: வாசகர் கேள்வி – பதில்

(நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்போரின் கடிதங்களுக்கு, சென்னை அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த செவிலியர் ஒருவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் கதீட்டர் (சிறுநீரை வெளியே வடிக்கும் டியூப்) பொருத்தி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தினமும் டெட்டால் கலந்த நீரால் துடைக்கிறோம். அப்படியும் டியூபைச் சுற்றிச் சிறுநீர் கசிகிறது. தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கலாமா? வேறு என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் டெட்டாலை நிறுத்திவிடுங்கள். அந்த இடத்துத் தோல் மிக மென்மையானது. கிருமிநாசினி அதை எரித்துப் புண்ணாக்கும், புண்ணான தோலில்தான் கிருமி எளிதில் குடியேறும். சாதாரணக் குளியல் சோப்பும் சுத்தமான தண்ணீரும் போதும். நாளுக்கு இரண்டு முறையும், மலம் கழித்த பிறகு ஒவ்வொரு முறையும் கழுவினால் சரி. டியூப் உடலுக்குள் நுழையும் இடத்தில் அதை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உடலிலிருந்து வெளிப்பக்கமாக நான்கு விரற்கடை தூரத்துக்குத் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் அழுக்கை நாமே உள்ளே தள்ளுகிறோம். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவிய பிறகு அதை மறக்காமல் பழைய இடத்துக்கு இழுத்துவிடுங்கள். வீட்டுப் பராமரிப்புக்கு அமர்த்தப்படும் ஆட்கள் அடிக்கடி விட்டுவிடும் வேலை இதுதான். அப்படியே விட்டால் தோல் வளையம்போல் இறுகி வீங்கி, அவசரச் சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் போய்விடும். பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம்.

கதீட்டர் எப்படி உள்ளே நிற்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. அதன் நுனியில் ஒரு சிறு பலூன் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் போன பிறகு அதில் வழக்கமாக 10 மில்லி அளவுக்குத் தூய நீரை ஏற்றிவிடுவார்கள். பலூன் விரிந்த நிலையில் டியூபை இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்து இரத்தம் கொட்டும். ஆகவே அதைத் தொடையோடு சேர்த்துப் பிளாஸ்டரால் ஒட்டி, காலை நீட்டி மடக்கும் அளவுக்குச் சற்றுத் தளர்வு விட்டு வையுங்கள். ஒட்டும் தொடையை நாள்தோறும் மாற்றினால் தோல் புண்ணாகாது. தந்தையார் தூக்கக் கலக்கத்தில் டியூபை இழுத்துவிட்டால், வீட்டில் யாரும் அதைத் திரும்பச் செருக முயலாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்து, டியூபிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பை. அது எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. கட்டிலின் பக்கச் சட்டத்தில் மாட்டுவது சரி. தலைமாட்டுக் கம்பியில் மாட்டுவது தவறு. நடக்கும்போது பையை மார்பளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவதும், ஆட்டோவில் அதை மடிமேல் வைத்துக்கொள்வதும் பைக்குள் தேங்கிய சிறுநீரை மீண்டும் உடலுக்குள் அனுப்பும் செயல்கள். பாதிக்கு மேல் நிறையும் முன்பே, ஆனால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும், அடியில் உள்ள திருகைத் திறந்து அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு குவளையில் வடித்துவிடுங்கள். திருகின் முனை குவளையின் விளிம்பில் படக் கூடாது. முன்னும் பின்னும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டியூபும் பையும் இணையும் இடத்தைக் காரணமின்றிப் பிரிக்காதீர்கள். அந்த இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வாசல் திறக்கிறது. பையை மாற்ற வேண்டிய நாள் வந்தாலோ, பை ஒழுகினாலோ மட்டும் பிரித்தால் போதும். வீட்டிலேயே உப்பு நீர் ஏற்றி ‘கழுவிவிடும்’ வழக்கமும் மருத்துவர் சொன்னாலொழிய வேண்டாம்.

டியூபைச் சுற்றிக் கசிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். சிறுநீர்ப்பை உள்ளிருக்கும் பலூனை வெளியே தள்ளப் பார்த்துச் சுருங்கி இறுகலாம். டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கலாம். மலச்சிக்கலால் நிறைந்த குடல் அதை அழுத்தலாம். முதலில் டியூப் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள், தந்தையார் அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள், மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். இவற்றைச் சரிசெய்த பிறகும் பைக்கு நான்கு மணி நேரம் சிறுநீர் வரவில்லை என்றாலோ, அடிவயிறு உப்பி வலித்தாலோ, காத்திருக்கக் கூடாது. அடிவயிற்று வலி வந்துவிட்டால் நான்கு மணி நேரக் கணக்கும் பார்க்க வேண்டாம். சிறுநீர் தாராளமாகப் பைக்குப் போய்க்கொண்டே சிறிது கசிந்தால், அதை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்; சுருக்கத்தைத் தணிக்க மருந்து உண்டு. கசிகிறதே என்று இன்னும் தடித்த டியூபைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அது எரிச்சலைக் கூட்டிவிடும்.

ஆன்டிபயாடிக் கேள்விக்கு வருகிறேன். கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி இருக்கும். கிருமி இருப்பது வேறு, நோய் வந்திருப்பது வேறு. காய்ச்சலோ வலியோ இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்தால் கிருமி ஒழியாது. மருந்துக்கு அடங்காத கிருமியே எஞ்சி நிற்கும், பிறகு உண்மையாகவே தொற்று வரும்போது மருந்து பலிக்காது. பையில் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாறுகிறது என்பதற்காக மட்டும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். ஆனால் நடுக்கத்தோடு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், விலாவிலோ இடுப்பின் பின்புறத்திலோ வலி, இரத்தக் கட்டிகள், வயதானவருக்குத் திடீரென வரும் மனக்குழப்பம், பேச்சுத் தடுமாற்றம் ஆகிய எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னதன் நோக்கம் பெரும்பாலும் டியூபை எடுத்துவிட்டு, தானாகச் சிறுநீர் போகிறதா என்று பார்ப்பதுதான். புராஸ்டேட்டைத் தளர்த்தும் மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதை ஒருவேளையும் விடாமல் கொடுங்கள். அந்தச் சோதனையின் வெற்றி அதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. டியூபை அவ்வப்போது இறுக்கி மூடித் திறந்து ‘பழக்கிவிட’ வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அதனால் பலன் இருப்பதாக நிறுவப்படவில்லை. மூடியதைத் திறக்க மறந்தால் அடைப்புதான் மிஞ்சும்.

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் தாய்க்கு எட்டு மாதமாகக் கதீட்டர் உள்ளது. சென்ற வாரம் காலையில் பார்த்தால் சிறுநீர் வந்து சேரும் பை முழுவதும் கத்திரிப்பூ நிறமாக மாறியிருந்தது. பக்கத்து வீட்டார் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்கிறார்கள்.
– வாசகர், தாம்பரம்

பதில்: பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி அழ வேண்டாம். படுக்கையிலேயே இருக்கும், மலச்சிக்கல் உள்ள, நெடுநாள் கதீட்டர் வைத்திருக்கும் முதிய பெண்களுக்கு இப்படி நேர்வது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. 1978ஆம் ஆண்டிலேயே இது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

உணவில் உள்ள டிரிப்டோபேன் என்ற புரதக்கூறைக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உடைக்கின்றன. மலம் தேங்கத் தேங்க இது மிகுதியாக நடக்கிறது. அந்தப் பொருள் கல்லீரல் வழியாக மாறிச் சிறுநீருக்கு வந்து, அங்குள்ள சிலவகைக் கிருமிகளிடம் சிக்கும்போது ஒரு நீலச் சாயமும் ஒரு சிவப்புச் சாயமும் உண்டாகின்றன. அந்த நீலம், அவுரிச் செடியிலிருந்து துணிக்கு எடுக்கும் அதே நீலம். இரண்டும் சேர்ந்து பையின் பிளாஸ்டிக்கில் படிவதால்தான் கத்திரிப்பூ நிறம். சிறுநீரகத்தின் செயலிழப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை.

இருந்தாலும் சிறுநீர்ப்பையில் கிருமி இருப்பதன் அடையாளம் என்பதால், மருத்துவரிடமோ வீட்டுக்கு வரும் செவிலியரிடமோ காட்டிக் கதீட்டரையும் பையையும் மாற்றிக்கொள்ளுங்கள். லேட்டக்ஸ் (ரப்பர்) டியூபை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறையும், முழுச் சிலிக்கான் டியூபைப் பெரும்பாலும் 12 வாரம் வரையிலும் வைத்திருப்பது வழக்கம். எட்டு மாதத்தில் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாதது எனக்குக் கவலை தருகிறது. மாற்றிய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்தும், கீரை, வாழைத்தண்டு, பழம் என்று நார்ச்சத்துள்ள உணவும் கொடுங்கள். தாயார் சோர்ந்து போனாலோ காய்ச்சல் கண்டாலோ மட்டும் இது அவசரம்.

மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுநர். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மூன்று நாளுக்கு முன் மாவுக்கட்டுப் போட்டார்கள். மாத்திரை போட்டும் வலி கூடிக்கொண்டே போகிறது, கால் விரல்கள் மரத்தாற்போல் இருக்கின்றன. கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்கிறார் மாமா. இரவில் எழுந்து போக முடியாததால் தண்ணீரையும் குறைத்துவிட்டேன்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இந்தக் கடிதம் வந்தவுடன், இதழ் வெளிவரும்வரை காத்திராமல், ஆசிரியர் குழு உங்களைத் தொலைபேசியில் அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னது. இதழுக்கு எழுதிக் கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முறிந்த இடத்தில் வீக்கம் வரும். கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் போவது தடைபடும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் அப்படியே நீடித்தால் தசை மீளாத அளவுக்குக் கெட்டுவிடக்கூடும். மாத்திரைக்கு அடங்காமல் வளரும் வலி, விரல்களை இன்னொருவர் மெல்ல நிமிர்த்தும்போது உயிர்போகும் வலி, மரத்துப்போதல், விரல்கள் வெளிறியோ நீலம் பாய்ந்தோ சில்லிட்டோ இருத்தல், விரலை அசைக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், தசை சாகும் கட்டத்திலும் நாடி துடிக்கலாம். வழக்கமாக முதல் இரண்டு மூன்று நாள் காலைத் தலையணைமேல் இதய மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கச் சொல்வோம். ஆனால் இந்த அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயர்த்தாமல் இதய மட்டத்திலேயே வைத்துக்கொண்டு புறப்படுங்கள். கட்டை வீட்டில் அறுக்க வேண்டாம், மருத்துவமனையில் சில நிமிடத்தில் நீளவாக்கில் பிளந்துவிடுவார்கள். புத்தூர் கட்டைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட கருத்து உண்டு. அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. வீங்கிய காலை யார் இறுக்கிக் கட்டினாலும் ஆபத்து ஒன்றே என்பதை மட்டும் மாமாவுக்குச் சொல்லுங்கள்.

ஆபத்தில்லாத மற்ற நாட்களுக்கு: மாவுக்கட்டு கையால் தொட்டால் காய்ந்தாற்போல் இருந்தாலும் உள்வரை காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அவசரப்படக் கூடாது. அதுவரை கெட்டியான தரைமேல் ஊன்றினால் கட்டு நசுங்கி உள்ளே தோலை அழுத்தும். பைபர் கட்டு வெளியே நனைந்தாலும் கெடாது, ஆனால் உள்ளிருக்கும் பஞ்சு நனைந்தால் தோல் ஊறிப்போகும். ஆகையால் எந்தக் கட்டானாலும் பிளாஸ்டிக் உறையால் மூடி, காலை வாளியிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டு குளியுங்கள். அரிப்புக்கு ஸ்கேல், பின்னல் ஊசி, துடைப்பக்குச்சி என்று எதையும் உள்ளே விடக் கூடாது. உள்ளே ஏற்படும் கீறல் யார் கண்ணிலும் படாமல் சீழ் பிடிக்கும். நல்லெண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான். தலைமுடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து ஊதலாம். கட்டிலிருந்து நாற்றமோ கசிவோ வந்தால் காட்டிவிடுங்கள்.

தண்ணீரைக் குறைத்தது தவறான சிக்கனம். படுக்கையில் கிடக்கும் உடலில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரில் சேர்கிறது. தண்ணீரும் குறைந்தால் கல் உண்டாக வழி ஏற்படும். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலையும் சிறுநீர்த் தேக்கத்தையும் உண்டாக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் யூரினல் பாட்டில் ஒன்றை வாங்கிக் கட்டிலருகே வைத்துக்கொண்டு, தாராளமாகக் குடியுங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகனுக்குத் தொடை எலும்பு முறிந்து இடுப்பிலிருந்து கால் வரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். சிறுநீரில் கட்டு நனைந்து நாறுகிறது.
– வாசகி, சைதாப்பேட்டை

பதில்: டயப்பரைக் கட்டுக்கு மேலே சுற்றினால் ஒழுகல் முழுவதும் கட்டுக்குள்தான் இறங்கும். வழக்கத்தைவிடச் சிறிய டயப்பரை எடுத்து, கட்டின் திறந்த பகுதியின் விளிம்புகளுக்கு உள்ளே நான்கு பக்கமும் செருகி, அதற்குமேல் பெரிய டயப்பர் ஒன்றைக் கட்டுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் இரவில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும் பார்த்து மாற்ற வேண்டும். தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி படுக்க வைத்தால் சிறுநீர் முதுகுப் பக்கம் ஓடாது. கால்களை இணைத்திருக்கும் குச்சியைப் பிடித்துக் குழந்தையைத் தூக்காதீர்கள். இப்போது நனைந்திருக்கும் கட்டை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: தி.நகரில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கழிப்பறைக்குப் போகத் தனியாக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. மாதம் தவறாமல் நீர்க்கடுப்பு வருகிறது. பாட்டி கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவச் சொல்கிறார். தோழி ஒருத்தி ஐந்து நாள் மாத்திரை வாங்கித் தந்தாள்.
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பாட்டியின் சுண்ணாம்பால் கெடுதல் ஒன்றும் இல்லை, கிருமி போகும் என்று எதிர்பார்க்காத வரை. தோழியின் மாத்திரைதான் கெடுதல். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் மாதந்தோறும் விழுங்கினால், நாளைக்கு ஊசி மருந்துக்குக்கூட அது அடங்காமல் போகலாம்.

பெண்களின் சிறுநீர்ப் பாதை குட்டையானது. ஆசனவாய்ப் பகுதியில் வாழும் கிருமி எளிதில் மேலேறிவிடும். அப்படி ஏறியதை உடல் வெளியேற்றும் வழி, சிறுநீர் நிறையச் சேர்ந்து அடிக்கடி வெளியே போவதுதான். நீங்கள் அந்த இரண்டையுமே நிறுத்தியிருக்கிறீர்கள். அடிக்கடி தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஓர் ஆண்டில் தொற்று வந்த எண்ணிக்கை மற்றவர்களுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர்மோரும் பார்லிக் கஞ்சியும் அந்தக் கணக்கில் சேரும், காபி வேண்டாம்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறைக்குப் போகும் உரிமை அதைவிடச் சிறியதல்ல என்பது என் கருத்து. மேற்பார்வையாளரிடம் தனியாகக் கேட்கத் தயங்கினால், உடன் வேலை செய்யும் நாலு பெண்களாகச் சேர்ந்து கேளுங்கள். இதே தொல்லை அவர்களுக்கும் இருக்கும்.

அடுத்த முறை எரிச்சல் வந்தால், மாத்திரை போடும் முன் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் சோதனை) செய்யுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பியில் பிடிக்க வேண்டும். சென்னை வெயிலில் டப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் சுற்றினால் கிருமி பெருகி முடிவு பொய்யாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். மாதந்தோறும் வருகிறது என்பதால் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுவது நல்லது. காய்ச்சலும் விலா வலியும் வாந்தியும் சேர்ந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ தாமதம் கூடாது.

கேள்வி: முதுகுத்தண்டு அடிபட்டதால் நாளுக்கு ஐந்து முறை நானே டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்கிறேன். அலுவலகக் கழிப்பறை சுத்தமாக இல்லாததால் பகலில் ஒரு முறையைத் தவிர்த்துவிடலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தவிர்க்க வேண்டாம். இந்த முறையை 1972இல் பரவலாக்கிய அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் காட்டியதே அதைத்தான்: அறுவை அரங்கின் தூய்மை இல்லாவிட்டாலும் கையும் டியூபும் சுத்தமாக இருந்தால் போதும், சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி உப்பாமல் பார்த்துக்கொள்வதே தொற்றைத் தடுக்கும். உப்பிய சிறுநீர்ப்பையின் சுவருக்கு இரத்த ஓட்டம் குறைந்து, கிருமியை எதிர்க்கும் ஆற்றல் போய்விடுகிறது. ஒரு முறைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வருமானால் இடைவெளி அதிகம் என்று பொருள். அலுவலகக் கழிப்பறைச் சுவரைப் பற்றிக் கவலைப்படாமல், டியூபின் நுனி எதன்மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை கழுவச் சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: கதீட்டரோடு மாட்டியிருந்த பழைய சிறுநீர்ப் பையை எங்கே போடுவது?
– வாசகி, கொளத்தூர்

பதில்: சிறுநீரைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, பையையும் டியூபையும் செய்தித்தாளில் சுற்றி மூடிக் கட்டி, காய்கறிக் கழிவோடு கலக்காமல் தனியாக வைத்து, குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரிடம் உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிக் கொடுங்கள். ஊசி இருந்தால் அதை மட்டும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடித் தர வேண்டும்.